இரண்டரை வயதும் நான்கு மாதமும்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

"மூத்தவனுக்கு இரண்டரை வயது, இளையவளுக்கு நான்கு மாதம். காலையில் கண் விழித்ததிலிருந்து அவனுக்கு எல்லாவற்றுக்கும் 'மாட்டேன்'தான். குளிக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன், செருப்பு போட மாட்டேன். சாயங்காலம் ஆவதற்குள் நான் கத்திவிடுகிறேன். ராத்திரி அவன் தூங்கும் முகத்தைப் பார்த்து அழுகிறேன். 'இந்த நாள்கள் திரும்பி வராது, அனுபவி' என்கிறார்கள் எல்லோரும். எனக்கு அனுபவிக்க முடியவில்லையே, நான் எங்கே தப்பு செய்கிறேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கை பிறந்த பிறகு அவன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், கண்டிக்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேரக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியும் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்தபோது, இதே வார்த்தைகளை வாசலில் நின்றபடி, பிள்ளையின் பையைக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்ன பல அம்மாக்களின் முகம் வந்துபோனது. சில அப்பாக்களும் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் தூக்கத்தைப் பற்றிப் பேசிவிடலாம். நீங்கள் எழுதியதில் அது ஒரு இடத்தில்கூட இல்லை, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். நான்கு மாதக் குழந்தை பகலும் இரவுமாக 12 முதல் 16 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு. கேட்பதற்கு நிறையத் தெரிகிறது. ஆனால் பெரியவர்களின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என்றால், கைக்குழந்தைக்கு அது ஒரு மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது மேலே வந்து எட்டிப்பார்க்கும். நாமும் அப்படி எட்டிப்பார்க்கிறவர்கள்தான், புரண்டு படுத்துத் திரும்ப மூழ்கிவிடுகிறோம். அதற்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை, அழைக்கிறது. அது அழைக்கும்போதெல்லாம் எழுகிறவர் நீங்கள். நான்கு மாதமாகத் துண்டு துண்டாகத் தூங்குகிற ஒருவருக்குக் கோபம் சட்டென்று வருவதும், அழுகை கண்ணின் ஓரத்திலேயே நிற்பதும் உடம்பின் கணக்கு. அதை வைத்து உங்கள் பாசத்தை எடை போடாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு "நான் நல்ல அம்மாவா" என்ற கேள்வி வந்தால், அதற்கு அந்த நேரத்தில் பதில் தேட வேண்டாம்.

அவள் விடாமல் அழும் ஒரு ராத்திரி வரலாம். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று, உங்கள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்றால், அவளைத் தொட்டிலிலோ சமதளமான படுக்கையிலோ மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஐந்து நிமிடம் வெளியே வாருங்கள். பாதுகாப்பான இடத்தில் ஐந்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. ஆத்திரத்தில் உலுக்கினால் ஆகும். கைக்குழந்தையின் கழுத்தும் மூளையும் அதைத் தாங்காது. கைக்குழந்தையை வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் இதைச் சொல்வேன், உங்களிடம் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். நீங்கள் அந்த மேட்டை ஏறிக் கடந்துவிட்டீர்கள், ஒருவேளை ஏறியதே தெரியாமல்.

சரி, மூத்தவனிடம் வருவோம். உங்கள் கேள்வியின் பாரம் அவன் மேல்தான் இருக்கிறது.

காப்பகத்தில் ஒரு பையன் செருப்பு மாட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவனுக்கும் இரண்டரை வயதுதான். முதலில் செருப்பைத் திருப்பிப் பார்த்தான், அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னக் கல்லை நகத்தால் நோண்டி எடுத்தான். அந்தக் கல்லை எங்கே வைப்பது என்று யோசித்து, என் உள்ளங்கையில் வைத்தான். வலது காலுக்கு இடது செருப்பை எடுத்தான். கட்டைவிரல் வாரில் மாட்டிக்கொண்டது, இழுத்தான், வரவில்லை. என் கை தானாக நீண்டது. "நானே" என்றான், என்னைப் பார்க்காமலே. காலை உள்ளே தள்ளத் தள்ள அவன் நாக்கின் நுனி உதட்டோரம் வெளியே வந்தது. கால் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தான் பாருங்கள், அந்த முகம்! ஒரு காலுக்கு நான்கு நிமிடம். இன்னொரு கால் பாக்கி இருந்தது. வாசலில் அவனுடைய அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்மேல் எனக்குக் குறை கிடையாது, அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. எனக்கு அன்று வேறு வேலை இல்லாததால் பார்க்க முடிந்தது. அதே நான்கு நிமிடம் எனக்கு விருந்தாகவும் அவருக்கு வேதனையாகவும் இருந்தது. பிள்ளை வளர்ப்பில் எது சந்தோஷம், எது தொல்லை என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் போவது இதனால்தான். நம்மைக் களைக்க வைப்பதும், பிறகு நினைத்து நினைத்துச் சிரிக்க வைப்பதும் பெரும்பாலும் ஒரே காரியம்தான். அவனுடைய "மாட்டேன்" அப்படிப்பட்ட ஒன்று. ஒன்றரை வயதை ஒட்டி, தான் வேறு, அம்மா வேறு என்பது பிள்ளைக்குத் தெரிய வருகிறது. தனக்கென்று ஒரு விருப்பம் உண்டு, அது அம்மாவின் விருப்பத்துக்கு எதிராகக்கூடப் போகலாம் என்பது அவனுக்குப் புதிய கண்டுபிடிப்பு. புதிதாகக் கிடைத்ததை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறான். சில நேரம் வேண்டும் என்கிற பொருளுக்கே "வேண்டாம்" சொல்லிவிட்டு, அதை எடுத்துவிட்டோம் என்று அழுவான்.

அழுகை என்றதும் வாழைப்பழம் ஞாபகம் வருகிறது. உரிக்கும்போது பழம் பாதியில் ஒடிந்துவிட்டது என்று கால் மணி நேரம் தரையில் புரண்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நமக்கு அது பழம், ஒடிந்தாலும் அதே ருசி. அவனுக்கோ ஒரு முழுப் பொருள் கண்ணெதிரே இல்லாமல் போய்விட்டது, ஒட்டவைக்கவும் முடியாது. அவன் நடிக்கவில்லை. ஆசையை அடக்குவது, காத்திருப்பது, ஏமாற்றத்தை விழுங்குவது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதும் தாண்டும். இரண்டரை வயதில் அங்கே அஸ்திவாரம்தான் போட்டிருக்கிறது. இருக்கிற கொஞ்சமும் பசி, தூக்கம், களைப்பு வந்தால் காணாமல் போய்விடும். அதனால்தான் அடம் சாயங்காலத்தில் அதிகம். அதே சாயங்காலத்தில் நீங்களும் கத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் தீர்ந்துபோன இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கிறீர்கள்.

அவன் அப்படிப் புரண்டு அழும்போது என்ன செய்வது? மைக்கேல் பொட்டெகால் என்ற ஆய்வாளர் ஒன்றரை முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் இந்த ஆர்ப்பாட்டத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்து, 2003-இல் எழுதினார். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நமக்குத்தான் அது அரை மணி நேரமாகத் தெரிகிறது. கோபம், அதாவது கத்தல், உதைத்தல், எறிதல், ஆரம்பத்திலேயே உச்சிக்குப் போய் இறங்கிவிடும். துக்கம், அதாவது விசும்பல், தேம்பல், மடியைத் தேடுதல், அடியில் ஓடிக்கொண்டே இருந்து கடைசியில் தனித்து நிற்கும். இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். கோபத்தின் உச்சியில் அவன் காதில் எதுவும் ஏறாது. அந்த நேரத்தில் காரணம் சொல்வது, "ஏன் அழுற, சொல்லு" என்று கேள்வி கேட்பது எல்லாம் எரிகிற அடுப்பில் எண்ணெய். தலை மோதாமல், கையில் கூரான பொருள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே சும்மா உட்காருங்கள். குரல் கத்தலிலிருந்து தேம்பலுக்கு மாறும் ஒரு நொடி வரும், கேட்டால் தெரியும். அப்போது கையை நீட்டுங்கள். "பழம் ஒடிஞ்சு போச்சு. முழுசா வேணும்னு நினைச்சே" என்று அவன் மனதில் இருப்பதைச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் போதும். அந்த வார்த்தைகள் அவனிடம் இல்லாமல்தான் உடம்பால் சொன்னான். நீங்கள் கொடுத்தால், ஒரு வருடம் கழித்து அவனே சொல்வான்.

மடியில் எடுத்துக்கொண்டால் கேட்டதையெல்லாம் கொடுப்பதாக ஆகிவிடாது. கூடாது என்றால் கூடாதுதான். அழுதவனை அணைத்தபடியே "இல்லை" என்று சொல்லலாம், இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. ஆனால் அந்த "இல்லை" குறைவாக இருக்கட்டும். தங்கையை அடிப்பது, சாலையில் கையை உதறிக்கொண்டு ஓடுவது, அடுப்பின் பக்கம் போவது, இவற்றுக்கு எப்போதும் ஒரே பதில். எந்தச் சட்டை, எந்தக் கிண்ணம், முதலில் பல்லா குளியலா என்பதெல்லாம் அவனுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். "குளிக்கிறியா?" என்று கேட்டால் மாட்டேன் என்றுதான் வரும். "நடந்து போறியா, முயல் மாதிரி குதிச்சுப் போறியா?" என்று கேட்டால் பாதி நாளாவது குதிப்பான். "இன்னும் ஐந்து நிமிஷம்" என்பதும் இந்த வயதுக்குப் புரியாது, கடிகாரம் அவனுக்கு வெறும் படம். "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டுப் போகலாம்" என்றால் எண்ணிக்கொண்டு வருவான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்படி இல்லையே என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி நியூயார்க்கில் 1956-இல் தொடங்கி, 133 குழந்தைகளைப் பிறந்த முதல் மாதங்களிலிருந்தே பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் இயல்பிலேயே இலகுவான பிள்ளைகள். 10 சதவீதம் எதற்கும் உரக்க எதிர்வினை காட்டுகிறவர்கள். 15 சதவீதம் புதிதாக வரும் எதையும் ஏற்க நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள். மீதிப்பேர் எல்லாம் கலந்தவர்கள். இது பெற்றோர் வளர்த்த விதத்தால் வந்த வித்தியாசம் அல்ல, கூடவே பிறந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு உங்களைவிடப் பொறுமை அதிகம் என்று நினைக்காதீர்கள், அவருக்கு வாய்த்த பிள்ளை வேறு.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்தச் சண்டை ஒரு நாளைக்கு மூன்று முறை நடக்கும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பிறந்த எடை முதல் வருடத்தில் மூன்று மடங்காகிறது. மூன்று கிலோவில் பிறந்தவன் ஒன்பது கிலோ ஆகிறான். இரண்டாவது வருடம் முழுக்கச் சேர்த்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைந்தபோது பசியும் குறைந்தது. நாம் தட்டை மட்டும் முதல் வருடக் கணக்கிலேயே நிரப்பிக்கொண்டிருக்கிறோம். எல்லின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் இதற்குச் சொன்ன வழியைவிட நல்ல வழி ஒன்றை நான் பார்த்ததில்லை. என்ன சாப்பாடு, எப்போது, எந்த இடத்தில் என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. அவரவர் தங்கள் எல்லையில் நின்றால் சண்டைக்குப் பாதிக் காரணம் போய்விடும். புதிய காய் ஒன்றை இரண்டு முறை வைத்துவிட்டு "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு சும்மா இருக்கட்டும். தொட்டுப் பார்ப்பான், முகர்வான், நக்கிவிட்டுத் துப்புவான். துப்பியதும் ஒரு முன்னேற்றம்தான். சுறுசுறுப்பாக ஓடியாடுகிறான், மருத்துவர் குறித்து வைத்திருக்கும் வளர்ச்சிக் கோட்டில் எடை தன் போக்கில் ஏறுகிறது என்றால், ஒருவேளை சாப்பாடு குறைந்ததற்கு அவன் பின்னால் கிண்ணத்தோடு ஓட வேண்டாம்.

கைப்பேசி, தொலைக்காட்சி பற்றிச் சுருக்கமாக: இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் நல்லது, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாளில் மூத்தவன் அரை மணி நேரம் கூடுதலாகப் பார்த்துவிட்டான் என்று குற்றவுணர்வில் கிடக்காதீர்கள். மறுநாள் சரி செய்துகொள்ளலாம்.

இனி, கத்துவதைப் பற்றி.

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறேன் என்று குடத்தைச் சாய்த்து, தரை முழுக்க ஊற்றிவிட்டாள். அன்று அது மூன்றாவது முறை. நான் கத்தியதில் அவள் குவளையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். என் குரலுக்காகக் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அந்தச் சின்னக் கைகள் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. நான் துணியை எடுத்துத் துடைத்தேன். அப்புறம் அவள் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா ரொம்ப சத்தமா கத்திட்டேன். நீ பயந்துட்டே. அம்மாவுக்குக் களைப்பு, அதனால கோபம் வந்துச்சு. அப்படிக் கத்தினது தப்பு" என்றேன். அவள் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு துணியை எடுத்துவந்து, காய்ந்துபோன தரையைத் துடைத்தாள். இரண்டு நாள் கழித்து, பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டு, தானே போய் எடுத்து, "கத்திட்டேன், பயந்துட்டியா" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலில் நின்று கேட்டேன்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தை அசைக்காமல், எந்தப் பதிலும் காட்டாமல் சில நிமிடம் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிடும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் தாய் திரும்பவும் முகம் மலர்ந்து பேசினால், கொஞ்ச நேரத்தில் குழந்தை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் சாதாரண நேரத்தையும் அளந்து பார்த்தார்கள். நல்ல அம்மா, நல்ல குழந்தை என்று சொல்லக்கூடிய ஜோடிகளே நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒருவருக்கொருவர் இசைந்து இருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறுவது, தவறியதைச் சரிசெய்வது, மறுபடி தவறுவது. அந்தச் சரிசெய்தலில்தான் குழந்தை "போனது திரும்ப வரும்" என்பதைக் கற்றுக்கொள்கிறது. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் அதற்கு முன்பே, 1953-இல், குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்று எழுதியிருந்தார். அம்மாக்கள் களைத்துப்போய் என் முன்னால் நிற்கும்போது நான் நம்பிக்கையோடு சொல்லும் வார்த்தை அதுதான்.

அதனால் இன்றைக்குக் கத்திவிட்டீர்கள் என்றால், ராத்திரி தூங்கும் முகத்திடம் அழாதீர்கள். அவன் விழித்திருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். "ஆனா நீயும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா" என்று அதன் வாலில் எதையும் கட்டாதீர்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்ற பழமொழியைச் சொல்லி அடிப்பதை நியாயப்படுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அடித்த பிறகு அணைத்தாலும், அடிக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு ஒடுங்கும் பழக்கம் அந்தப் பிள்ளையிடம் தங்கிவிடுகிறது, காப்பகத்தில் நாங்கள் கையைத் தூக்கினாலே தெரிந்துவிடும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று உங்களை யாராவது பயமுறுத்தினால், அவனுக்கு இன்னும் ஐந்தே ஆகவில்லை என்று சொல்லுங்கள்.

அனுபவிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "அனுபவி" என்று சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். ஆனால் அது உங்கள் தலைமேல் இன்னொரு வேலையாக வந்து உட்காருகிறது. நாள் முழுவதையும் யாராலும் அனுபவிக்க முடியாது. சந்தோஷம் வரும்போது சின்னதாக, வேலைக்கு நடுவில், கவனிக்காவிட்டால் நழுவிப்போகும்படி வருகிறது. அவன் தூங்குவதற்கு முன் இருட்டில் தனக்குத்தானே பேசுகிறானா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் பேசுவார்கள். அன்று நடந்தது, நாம் அதட்டியது, நாயைப் பார்த்தது எல்லாம் கலந்து வரும். லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர், பிள்ளை இப்படி வாய்விட்டுத் தனக்குத்தானே பேசுவதுதான் பிற்பாடு உள்ளுக்குள் ஓடும் சிந்தனையாக மாறுகிறது என்றார். இன்னும் கொஞ்ச காலத்தில் அந்தக் குரல் உள்ளே போய்விடும். அவன் யோசிப்பதை நீங்கள் காதால் கேட்க முடிகிற வருடங்கள் இவை.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானா? சலிக்காமல் சொல்லுங்கள், அல்லது சலித்தபடியே சொல்லுங்கள், அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கதையைப் பல முறை படித்தபோது, வெவ்வேறு கதைகளைப் படித்ததைவிடப் புதிய சொற்கள் நன்றாக ஒட்டின என்று 2011-இல் ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். இளையவளும் சீக்கிரம் உங்களுக்கு ஒரு காட்சி வைத்திருக்கிறாள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃபும் அவர் குழுவும் நடை பழகும் குழந்தைகளை எண்ணிப் பார்த்து 2012-இல் எழுதினார்கள்: ஒரு மணி நேரத்தில் எடுத்துவைப்பது சராசரி 2,368 காலடி, 17 முறை விழுதல். பதினேழு! விழுந்த ஒவ்வொரு முறையும் அவள் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள், அழுவதா எழுவதா என்று தெரிந்துகொள்ள.

இப்போது உங்களைப் பற்றி, கொஞ்சம் நேராகவே கேட்கிறேன். அழுகை எத்தனை நாளாக இருக்கிறது? குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லையா? முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லையா, குழந்தையைத் தூக்கினாலும் உள்ளே எதுவும் அசையவில்லையா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது களைப்பு மட்டும் இல்லாமல் இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை, அதிலும் முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிரசவமான ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, குணமும் ஆகிறது. தயவுசெய்து மருத்துவரிடம் போய், மேலே நான் கேட்டவற்றுக்கு என்ன பதிலோ அதை அப்படியே சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லை, களைப்புதான் என்றாலும் உதவி கேளுங்கள். "யாரும் உதவ மாட்டேன் என்கிறார்கள்" என்று மனதுக்குள் வெந்துகொண்டிருப்பதைவிட, வேலையைப் பெயர் சொல்லிக் கொடுப்பது பலன் தரும். பிள்ளைகளின் அப்பாவிடம், "ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அவள் எழுந்தால் நீங்கள் பாருங்கள், நான் வேறு அறையில் படுக்கிறேன்" என்று சொல்லுங்கள். நான்கு மணி நேரம் அறுபடாமல் தூங்கினால் மறுநாள் சாயங்காலம் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். வீட்டுக்கு வருகிறவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு "நீ போய் வேலையைப் பார்" என்றால், "நீங்கள் பாத்திரத்தைப் பாருங்கள், நான் பெரியவனோடு கொஞ்சம் உட்காருகிறேன்" என்று மாற்றிக் கேளுங்கள். அந்த உட்காருதல் முக்கியம். தினமும் பத்து நிமிடம், தங்கை கையில் இல்லாமல், கைப்பேசி இல்லாமல், அவன் சொல்லும் விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாடுங்கள். பத்து நிமிடம் போதுமா என்று கேட்பார்கள். தினமும் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் போதும். அதற்கு ஒரு பெயர்கூட வையுங்கள், அவனே வந்து கேட்பான்.

படுக்கை நனைப்பதற்கு வருகிறேன். கண்டிக்க வேண்டாம். இரண்டரை வயதில் இரவு ஈரமாவது நோயும் இல்லை, குறும்பும் இல்லை. ஐந்து வயதில்கூட ஏழு பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கும். தூக்கத்தில் நடப்பது அவன் கட்டுப்பாட்டில் கிடையாது. தங்கை வந்ததும் பழைய நிலைக்குத் திரும்புவது நான் அடிக்கடி பார்ப்பதுதான். சிலர் மறுபடி பால்புட்டி கேட்பார்கள், மழலை பேசுவார்கள், "என்னையும் தூக்கு" என்பார்கள். கேட்டால் தூக்குங்கள், ஐந்து நிமிடம் கைக்குழந்தையாக இருந்துவிட்டு இறங்கிப்போவான். "நீ பெரியவன் ஆயிட்டே" என்று அடிக்கடி சொல்லாதீர்கள், பெரியவன் ஆனதால்தான் மடி பறிபோயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். படுக்கையில் நீர் புகாத விரிப்பு ஒன்று போடுங்கள், மாற்றுத்துணியை ராத்திரியே பக்கத்தில் எடுத்து வையுங்கள், விளக்கைப் பெரிதாகப் போடாமல் மாற்றிவிட்டுப் படுக்க வையுங்கள். பகலிலும் அடிக்கடி நனைகிறது, சிறுநீர் போகும்போது வலிக்கிறது என்கிறான், காய்ச்சல் இருக்கிறது, வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் கேட்கிறான், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் சில மாதம் பொறுங்கள்.